கடைசி ஆள் சாப்பிட்ட பிறகு

விசிலக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தே தலை நரைத்தவள். பொம்பளை கண்டக்டரா என்று மூக்கின் மேல் விரல் வைத்தவர்கள் எல்லாம், அவள் விசில் ஊதிய முதல் நாளே விரலை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நெஞ்சுரம், அப்படி ஒரு மூச்சு.

ஒரு விசில் என்றால் நிறுத்து. ரெண்டு விசில் என்றால் போ. இது எல்லா பஸ்ஸிலும் உள்ளதுதான். விசிலக்காவின் ரெட்டை விசிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜன்னலோர சீட்டுக்கு ரெண்டு பேர் மல்லுக்கு நின்றால் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பஞ்சாயத்தெல்லாம் பண்ணமாட்டாள். எடுத்து ரெண்டு ஊது ஊதுவாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பும். சண்டை போட்ட ரெண்டு பேரும் கம்பியைப் பிடிப்பார்களா, வாயைப் பார்ப்பார்களா? பேச்சு அதோடு முடிந்தது.

அந்தக் குலுக்கலைக் கொடுத்தவர்தான் டிரைவர். அவளுடைய வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே வண்டியில் எத்தனையோ காலம் ஓட்டியும் ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. கண் ரோட்டில், காது விசிலில், அவ்வளவுதான் மனுஷன். ஒருநாள் அவள் காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்தாள். டிரிப் முடிந்ததும் இவர் இறங்கி வந்து, "இன்னைக்கு விசில்ல சத்தம் கம்மியா இருந்துச்சு. மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் பேசிய காதல் வசனம் மொத்தமும் அதுதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் வீட்டில் அவள் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறாள். அவருக்கு அவள் கண்டக்டர்.

ரெண்டு பேரும் ஒரே வருஷத்தில் ரிட்டயர் ஆனார்கள். வந்தது வினை. டிரைவர் ஹாலில் ஜன்னலைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விசிலக்கா அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வீடு நகரவே இல்லை. அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அடுக்குமாடி லிப்டில் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் இருக்கு பாருங்க" என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள். அவளைக் கண்டாலே சிலர் படியேறிப் போனார்கள்.

முழங்கால் வலி என்று ஒருநாள் பக்கத்துத் தெரு நர்ஸம்மாவிடம் போனாள். நர்ஸம்மாவும் ரிட்டயர் ஆனவர்தான். ஆனால் சும்மா இருக்கவில்லை. தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து வீட்டுக்கே அனுப்பும் ஒரு சமையற்கூடத்தை நடத்திக்கொண்டிருந்தார். முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காலுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்திருக்கீங்கல்ல, அதுதான் வியாதி. எங்ககிட்ட ஒரு வேன் சும்மா நிக்குது. வண்டி ஓட்ட யாராவது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியுமாவா? வீட்ல ஒருத்தர் ஜன்னலைப் பாத்து நாற்காலி ஓட்டிக்கிட்டு இருக்காரு. நாளைக்கே கூட்டிட்டு வரேன்!"

இப்படித்தான் கூலி இல்லாத அந்த வேலைக்கு ரெண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். நர்ஸம்மா விதிமுறையை வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்லிவிட்டார். டப்பாவைக் கையில்தான் கொடுக்க வேண்டும், வாசலில் வைத்துவிட்டு வரக்கூடாது. முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டும். கதவு திறக்கவில்லை என்றால் திறக்கிற வரை நகரக்கூடாது. உள்ளே போய் உட்காரக்கூடாது. அவர்கள் சாப்பாட்டில் ஒரு வாய்கூடத் தொடக்கூடாது.

முதல் நாள் கூத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வழியில் எங்கெல்லாம் பஸ் ஸ்டாப் இருந்ததோ அங்கெல்லாம் வேன் தானாக நின்றது. டிரைவர் நிறுத்தவில்லை, அவர் கால் நிறுத்தியது. ஒரு ஸ்டாப்பில் ஒரு அம்மா கூடையோடு ஏறி உட்கார்ந்தும் விட்டாள். விசிலக்கா வாய் தவறி, "எங்க போகணும்?" என்று வேறு கேட்டுவிட்டாள். போகிற வழிதானே என்று கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு இறங்கும்போது ஒரு வாழைப்பழமும் கிடைத்தது.

வேனின் பின்னால் டப்பாக்களோடு விசிலக்கா உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒற்றை விசில். உள்ளே இருக்கிற பெரியவர்கள் அதைக் கேட்டே எழுந்து வந்தார்கள். ஒரு டைப்பிஸ்ட் அம்மா விசில் கேட்டதும் தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறப்பாள். டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்து வேனில் ஏறிக் கதவைச் சாத்தி ரெட்டை விசில் கொடுத்தால், டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்புவார். ரெண்டு பேர் முகத்திலும் பழைய களை வந்துவிட்டது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, மூன்றாவது மாடியில் இருந்த சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருவர் பட்டியலில் வந்து சேரும் வரை.

அவர் காலமெல்லாம் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். வயசாகிக் கடையை மூடிவிட்டார். போன வருஷம் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் எங்கோ தூரத்தில் வேலையில் இருக்கிறாள். அவள்தான் போன் போட்டு அப்பாவுக்குச் சாப்பாடு அனுப்பச் சொன்னவள்.

முதல் நாள் அவர் கதவை ஒரு சாண் திறந்தார். எலும்பும் தோலுமாக ஒரு மனுஷன். சட்டை தோளில் மாட்டியிருந்ததே தவிர உடம்பில் எங்கும் ஒட்டவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். மறுநாளும் அதே ஒரு சாண். உள்ளேயிருந்து ஒரு கை வந்து நேற்றைய டப்பாவை நீட்டியது. விசிலக்கா வாங்கிப் பார்த்தால், கனக்கிறது. திறக்கவே இல்லை.

"ஃப்ரிட்ஜிலதாம்மா வச்சிருந்தேன், கெட்டுப்போகல. பசிச்சவங்க யாருக்காவது குடுங்க."

"ஏன், உங்களுக்குப் பசிக்கலையா?"

"எனக்கு ஆச்சு."

என்ன ஆச்சு, எப்போது ஆச்சு என்று கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. தினமும் இதே கதைதான். டீயும் பிஸ்கட்டுமாக மனுஷன் ஓட்டிக்கொண்டிருந்தது பின்னால்தான் தெரிந்தது. விசிலக்கா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். பிடி கொடுக்கவே இல்லை.

நர்ஸம்மா ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. அப்பா சாப்பிடுறாரான்னு கேட்டுச்சு. நான் பொய் சொல்ல முடியுமா? மாசக் கடைசியில வருதாம். அப்பவும் இதே நிலைமைன்னா, வீட்டைக் காலி பண்ணிட்டு தன் ஊர்ல ஒரு முதியோர் இல்லத்துல சேத்துடப் போறேன்னு சொல்லுது. அவ மேல தப்பு சொல்ல முடியாது, பாவம், பயந்து போயிருக்கா."

மறுநாள் விசிலக்கா மற்ற வீடுகளை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகக் கடைக்காரரிடம் போய் அதைப் போட்டு உடைத்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கதவு இன்னும் ஒரு சாண் திறந்தது.

"இது நானும் அவளும் குடியிருந்த வீடு. இதை விட்டு நான் எங்கம்மா போவேன்?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"போக வேணாம்னா சாப்பிடுங்க. அவ்வளவுதானே?"

"இறங்கலையே. நான் என்ன பண்ணுவேன்? வாயில வச்சா உள்ள இறங்க மாட்டேங்குது."

"இறங்கலையாம்ல! சின்னப் பிள்ளையா நீங்க?"

"பசிச்சா எனக்குத் தெரியாதா? ஊருக்கே சோறு போட்டவன் நான்!"

"ஊருக்குப் போட்டீங்க சரி, உங்களுக்கு யாரு போடுறது?"

அவர் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, மூன்றாவது மாடியே அதிர்ந்தது. விசிலக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோபம் வந்தால் அவள் கை எங்கே போகும்? விசில் தொங்கும் கழுத்துக் கயிற்றுக்குத்தான் போகும். எடுத்தாள், ரெண்டு ஊது ஊதினாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பேச்சு முடிந்ததுதான். கீழே வேனும் கிளம்பியது.

மாடிப்படி ஜன்னல் வழியாக அவள் எட்டிப் பார்க்கும்போது வேன் சிக்னல் போட்டு அழகாகத் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. "டிரைவர்! யோவ் டிரைவர்!" என்று கத்தினாள். யார் காதில் விழப்போகிறது? ரெட்டை விசில் கேட்டால் போக வேண்டும். கண்டக்டர் பின்னால் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அந்த மனுஷனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"என்னம்மா, வண்டி போயிடுச்சா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"போயிடுச்சு."

"போன் பண்ணுங்களேன், என் போனைத் தரேன்."

விசிலக்காவின் போன் வேனில், பையில் இருந்தது. வீட்டுக்காரர் நம்பர் அவளுக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருக்கிற மனுஷனுக்கு எதற்கு நம்பர்? அதை வெளியே சொல்லவும் வெட்கம். "வந்துடுவாரு, நான் படியில உக்காந்துக்கறேன்" என்று முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மதிய நேரம். காலையில் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தாள். மானம் போகிற மாதிரி அவள் வயிறு ஒரு சத்தம் போட்டது பாருங்கள், படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

கடைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் என்னவோ மாறியது.

"தங்கச்சி, சாப்பிடலையா நீங்க?"

"இல்லண்ணே, வீட்ல போய்..."

"வாசல்ல ஒரு ஆள் பசியோட உக்காந்திருக்கறதா? என் வாசல்லயா?"

கதவு முழுசாகத் திறந்தது. விசிலக்கா அந்த வீட்டின் உள்ளே பார்த்தது அன்றைக்குத்தான். ஹால் நடுவில் கடையிலிருந்து கொண்டுவந்த நீள மேஜை ஒன்று. சுற்றி ஸ்டூல்கள். சுவரோரம் நீலக் கரை போட்ட பீங்கான் தட்டுகள் அடுக்கி இருந்தன. ஒருத்தர் குடியிருக்கிற வீட்டில் இத்தனை தட்டு எதற்கு என்று அவள் யோசிப்பதற்குள், அவர் ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சுத்தமாக இருந்த மேஜையை இன்னொரு தடவை துடைத்தார்.

"உக்காருங்க."

"ஐயோ, நாங்க உள்ள வந்து உக்காரக்கூடாது. உங்க சாப்பாட்டைத் தொடவே கூடாது. நர்ஸம்மா என்னைத் தொலைச்சுடுவாங்க."

"நர்ஸம்மாவை நான் பாத்துக்கறேன். உக்காருங்கன்னு சொல்றேன்ல!"

அந்த அதட்டலில் விசிலக்கா உட்கார்ந்துவிட்டாள். அவளை அதட்டி உட்கார வைத்தவர்கள் உலகத்தில் குறைவு. அவர் டப்பாவைத் திறந்து சோற்றைத் தனியாக, பருப்பைத் தனியாக, காயைத் தனியாகச் சூடு பண்ணினார். முட்டையை ரெண்டாக வெட்டித் தட்டு ஓரத்தில் வைத்தார். பரிமாறிவிட்டு உட்காரவில்லை. பக்கத்திலேயே நின்றார். தட்டில் ஒரு மூலை காலியானால் உடனே கரண்டி வந்தது. சமையற்கூடத்துச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று விசிலக்காவுக்குத் தெரியும். சுமார்தான். ஆனால் அன்றைக்கு அது விருந்து மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் தனக்கு யாரும் இப்படிப் பக்கத்தில் நின்று போட்டதில்லையே என்று அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"போதுமா? இன்னும் கொஞ்சம்?"

"போதும்ணே. வயிறு நிறைஞ்சு போச்சு."

"நிஜமா?"

"நிஜமா."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு நடந்ததுதான் விஷயம். மீதி இருந்ததை ஒரு தட்டில் போட்டுக்கொண்டார். சமையலறை மூலைக்குப் போய் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். சாப்பிட ஆரம்பித்தார். சும்மா கொறிக்கவில்லை. பிசைந்து, உருட்டி, பசித்த மனுஷன் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார்.

விசிலக்கா மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை. எங்கே நிறுத்திவிடுவாரோ என்று பயம். அவர் தட்டை வழித்து முடித்த பிறகுதான் மெதுவாகக் கேட்டாள். "இறங்கலைன்னீங்களேண்ணே?"

அவருக்கே அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடையில அப்படித்தான் பழக்கம். கடைசி ஆள் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம்தான் நான் கை நனைப்பேன். எவ்வளவு பசிச்சாலும் சரி. கடையை மூடினப்புறம் அவ இருந்தா. அவளுக்குப் போட்டுட்டு நான் சாப்பிடுவேன். இப்ப யாருக்குப் போடுறது? டப்பாவைத் திறந்து நானே போட்டு நானே உக்காந்தா, கடையில ஆளுங்க காத்திருக்கும்போது திருடித் தின்ன மாதிரி இருக்குது."

அதற்குள் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். டிரைவர் வந்து நின்றார். வேர்த்து விறுவிறுத்து, முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"கண்டக்டர்! சமையல்கூடத்துல போய்க் கதவைத் திறந்தா பின்னாடி வெறும் டப்பாதான் இருக்கு! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல!"

"திரும்பிப் பாக்கறதுக்கு என்ன கேடு?"

"ரெட்டை விசில் வந்துச்சே."

"வந்தா?"

"போயிட்டேன்."

இந்த மனுஷனை என்ன செய்வது? விசிலக்கா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள், சிரிப்புதான் வந்தது. கடைக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு முதல் வேலையாக, "டிரைவர் தம்பி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

விசிலக்காவின் மண்டையில் அப்போதே திட்டம் தயாராகிவிட்டது.

மறுநாளிலிருந்து கடைக்காரர் வீட்டையே தினமும் கடைசி ஸ்டாப்பாக வைத்துக்கொண்டாள். தங்கள் ரெண்டு பேர் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே தூக்குச்சட்டியில் கட்டி எடுத்துக்கொண்டாள். நர்ஸம்மாவிடம் மறைக்கவும் இல்லை. "அவங்க சாப்பாட்டைத் தொடல நர்ஸம்மா. எங்க சாப்பாட்டை நாங்க அங்க வச்சு சாப்பிடறோம். நீங்க உக்காரக்கூடாதுன்னீங்க, சரி. உக்காந்தாத்தான் அவர் சாப்பிடறாரு. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எதையும் கேக்கல, எதையும் பாக்கல. டப்பா காலியா வந்தா போதும்" என்றார்.

டப்பா காலியாக வந்தது. மூன்று பேர் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சூடு பண்ணி, கடைக்காரர் துண்டைப் போட்டுக்கொண்டு பரிமாறுவார். இவர்கள் எழுந்து கை கழுவியதும், மரப்பெட்டியில் போய் உட்கார்ந்து தானும் ஒரு பிடி பிடிப்பார். ஒருநாளாவது எங்களோடு மேஜையில் உட்காருங்களேன் என்றால், "கடைக்காரன் அந்தப் பக்கம் உக்காருவானா?" என்று கேட்பார். கன்னத்தில் சதை பிடித்தது. சட்டை தோளை விட்டு உடம்புக்கு இறங்கி வந்தது. வாயும் கூடவே வளர்ந்தது. "இந்தப் பருப்பு இன்னும் ஒரு கொதி கொதிச்சிருக்கணும், போய்ச் சொல்லுங்க" என்று சமையற்கூடத்துக்குத் தினமும் ஒரு தகவல் அனுப்புவார். விசிலக்கா அதைச் சொல்லமாட்டாள். சொன்னால் கரண்டி பறக்கும்.

மகளிடம் போனில் பேசும்போது மட்டும், சாப்பிட்டீங்களாப்பா என்றால் அதே ஒரே வார்த்தை: ஆச்சு. சாப்பிடாதபோதும் அதையே சொன்னவர் ஆயிற்றே, அவள் எப்படி நம்புவாள்?

மாசக் கடைசியும் வந்தது. நர்ஸம்மா காலையிலேயே வேனில் ஏறிக்கொண்டார். "அந்தப் பொண்ணு இன்னைக்கு வருது. என் முகத்தைப் பாத்துக் கேக்கும். நானும் ஒரு தடவை கண்ணால பாத்துடறேன்."

கடைக்காரர் வீட்டுக்குப் போனால், மகள் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெட்டி. இன்னொரு பெரிய பெட்டியும் காலியாகத் திறந்து கிடந்தது. அது அப்பாவின் துணிகளுக்கு.

கடைக்காரருக்கோ கண் மண் தெரியாத சந்தோஷம். நாலு பேர்! மேஜையில் நாலு பேர்! துண்டு தோளில் ஏறியது. நீலக்கரைத் தட்டுகள் வரிசையாக இறங்கின. நர்ஸம்மா, "எனக்கு வேணாங்க, எங்க விதிமுறை..." என்று ஆரம்பித்தார். "உக்காருங்க!" என்று ஒரு அதட்டல். நர்ஸம்மா உட்கார்ந்துவிட்டார்.

மூன்று பேர் சாப்பாட்டை நாலு தட்டில் போட்டால் என்ன மிஞ்சும்? அது யாருக்கும் உறைக்கவில்லை. அவர் சுற்றிச் சுற்றி வந்து போட்டார். டிரைவருக்கு எப்போதும் போல ஒரு கரண்டி கூட. நர்ஸம்மா, "நம்ம சமையலா இது?" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே தட்டைக் காலி பண்ணினார். மகள் மட்டும் சோற்றில் கை வைக்கவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்பப்பா சாப்பிடுவீங்க?"

"எனக்கு ஆச்சும்மா."

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். அடுப்பு மேல் இருந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் சாய்த்துக் காட்டினாள். சுத்தமாக வழித்திருந்தது.

"எப்ப ஆச்சு? எதைச் சாப்பிட்டீங்க? தினமும் போன்ல ஆச்சு ஆச்சுன்னு சொன்னது இதுதானா?" அவள் குரல் நடுங்கியது. "எல்லாருக்கும் போட்டுட்டு நீங்க பட்டினி கிடக்கறீங்க. நான் அங்க உக்காந்து தினமும் செத்துப் பிழைக்கறேன்பா!"

போச்சு, எல்லாம் போச்சு என்று விசிலக்கா நினைத்தாள். தினமும் சாப்பிட்ட மனுஷன். இன்றைக்குத்தானா பாத்திரம் காலியாக வேண்டும்? அதுவும் அந்தச் சோறு தன் வயிற்றுக்குள்ளேயே போயிருக்கிறது. "தினமும் சாப்பிடறாரும்மா, சத்தியமா! நாங்க எந்திரிச்சப்புறம், அந்தப் பெட்டி மேல உக்காந்து, கடைசி ஆள் சாப்பிட்டப்புறம்..." என்று உளறினாள். டிரைவர் தன் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசி ஆள் என்ற சொல்லைக் கேட்டதும் மகள் அப்படியே நின்றாள். அவள் அந்தக் கடையில் வளர்ந்தவள். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதியவள். அந்த மரப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா இல்லாத வீட்டில் அந்தக் கடைசி ஆள் யார் என்று தான் ஒருநாளும் யோசிக்கவில்லையே என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அப்பாவிடம் போய் அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தான் தொடாத தட்டை மேஜையின் தலைப்பக்கத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

"உக்காருங்கப்பா."

"நீ சாப்பிடும்மா. நான் அப்புறம்..."

"கடையில இப்ப நான்தான் நிக்கறேன். எல்லாரும் சாப்பிட்டாச்சு. கடைசி ஆள் நீங்கதான். நீங்க சாப்பிட்டு எந்திரிச்சாத்தான் நான் கை நனைக்க முடியும். எனக்குப் பசிக்குதுப்பா."

அவர் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அது அவரே போட்ட சட்டம். மெதுவாக வந்து உட்கார்ந்தார். அந்த மேஜையின் அந்தப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை, மடியில் வைத்தார், மேஜை மேல் வைத்தார். மகள் பக்கத்தில் நின்று பருப்பை ஊற்றினாள். ஒரு வாய் எடுத்து வைத்தார். எல்லாரும் அந்த வாயையே பார்த்தார்கள்.

மென்று விழுங்கிவிட்டு, "இன்னும் ஒரு கொதி கொதிச்சிருக்கணும்" என்றார்.

நர்ஸம்மாதான் முதலில் சிரித்தது. அப்புறம் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று பிரிக்க முடியவில்லை. அவர் கண்ணில் வழிந்தது தாடையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளத் துண்டு தோளில் இல்லை. மகள்தான் துடைத்துவிட்டாள். சோறு மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. தட்டு காலியாகும் மூலையில் எல்லாம் கரண்டி வந்தது.

"போதுமாப்பா? நிஜமா?"

"நிஜமா."

கை கழுவி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்ப கடைக்காரிக்கு யாரு போடுறது?" என்பதுதான். துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தார். முட்டை உடைக்கிற சத்தம் கேட்டது. மனைவி போன பிறகு அந்த அடுப்பில் டீயைத் தவிர வேறு எதுவும் அவர் சமைத்ததில்லை.

மகள் விசிலக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, நாளைக்கும் வருவீங்களா?"

"இது என்ன கேள்வி? எங்களுக்குக் கடைசி ஸ்டாப்பே இதுதான்."

"இல்லத்துல அவருக்கு எல்லாரும் போடுவாங்க. அவர் யாருக்குப் போடுவாரு?" என்று சொல்லிவிட்டு, அவள் போய் அந்தக் காலிப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "நான் இன்னும் நாலு நாள் இருக்கேன். எனக்கும் சேத்து எடுத்துட்டு வாங்க. இல்லன்னா இவர் மறுபடியும் பாத்திரத்தை வழிச்சுடுவாரு."

அப்பாவும் மகளும் இருக்கட்டும் என்று மூன்று பேரும் சத்தமில்லாமல் இறங்கி வந்தார்கள். நர்ஸம்மா முன்னால் ஏறிக்கொண்டார். டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தார். விசிலக்கா பின்னால் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு விசிலை எடுத்து வாயில் வைத்தாள். உதடு நடுங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஊதினாள், வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை ஊதினாள். அப்போதும் காற்றுதான்.

வேன் நிழலில் அப்படியே நின்றது. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து முட்டை பொரிகிற வாசனை இறங்கி வந்தது.

"என்னங்க, கிளம்பலையா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னும் விசில் வரலைங்களே."